முட்டை வரலைன்னு டாக்டர் சொன்னால்…



கல்யாணமாகி மூன்று மாதம் ஆனால் போதும், "என்ன, ஏதாவது விசேஷம் உண்டா?" என்று கேட்க ஊரே வரிசையில் நிற்கும். ஒரு வருஷம் ஆனதும் கேட்கிற குரல் மாறும். மூன்று வருஷம் ஆனால் கேட்பதையே நிறுத்திவிடுவார்கள். பக்கத்து வீட்டு வளைகாப்புக்குக் கூப்பிடவும் மறந்துவிடுவார்கள். கேள்வியைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம், இந்த மறதியைத் தாங்க முடியாது.

"ஸ்கேன் பார்த்தோம். முட்டை வரவில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். இனி எனக்குக் குழந்தையே பிறக்காதா அக்கா?" என்று சில சகோதரிகள் எழுதியிருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இந்த இதழ்.

முதலில் மனசைத் தேற்றிக்கொள்ளுங்கள். குழந்தை தள்ளிப்போவதற்கு உள்ள காரணங்களில் மருந்துக்கு நன்றாகக் கட்டுப்படுவது இதுதான். ஆனால் ஒன்று. முட்டை வரவில்லை என்பது ஒரு வியாதியின் பெயர் அல்ல. காய்ச்சல் மாதிரி அது ஒரு அடையாளம், அவ்வளவுதான். மலேரியாவா, டைஃபாய்டா என்று பார்க்காமல் காய்ச்சலுக்கு மருந்து கொடுக்கலாமா? இதற்கும் காரணம் தெரிந்த பிறகுதான் மருந்து.

நான் டாக்டர் இல்லை, பிளஸ் டூ வரை படித்த குடும்பத் தலைவி. என் அக்கா மகளுக்குத் துணையாக ஒரு வருஷமாக மகப்பேறு டாக்டரம்மாவிடம் போய்வருகிறேன். அவர் பொறுமையாகச் சொன்னதை எல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். அதிலிருந்துதான் சொல்கிறேன்.

முட்டை எப்படி வருகிறது?

பெண் குழந்தை பிறக்கும்போதே பத்து, இருபது லட்சம் முட்டைகளோடு பிறக்கிறது. பெரியவளாகும்போது மூன்று, நான்கு லட்சம்தான் மிச்சம். மாதாமாதம் அதில் சில முட்டைகள் வளரத் தொடங்கி, ஒன்று மட்டும் முழுசாக வளர்ந்து வெடித்து வெளியே வரும்.

இதற்கு உத்தரவு மூளையிலிருந்து வருகிறது. மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் பிட்யூட்டரி என்று ஒரு சுரப்பி இருக்கிறது. அது எஃப்.எஸ்.ஹெச். என்ற ஹார்மோனை அனுப்ப, சினைப்பையில் முட்டை வளரும். வளரும் முட்டை ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோனைச் சுரக்கும். அது எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்த்துத்தான் மூளை தன் உத்தரவைக் கூட்டும், குறைக்கும்.

நம் வீட்டு மாடித் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். கிணற்றில் மோட்டார். தொட்டியில் மிதவை. தண்ணீர் குறைந்தால் மோட்டார் தானாக ஓடும், நிறைந்தால் நிற்கும். பிட்யூட்டரிதான் மோட்டார், சினைப்பை கிணறு, ஈஸ்ட்ரோஜன் தொட்டித் தண்ணீர். இதை மனசில் வைத்துக்கொண்டால் மருந்துகள் எல்லாம் சுலபமாகப் புரிந்துவிடும்.

காலண்டர் சொல்லும் கதை

டாக்டரிடம் போகும் முன் நாமே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. மாதவிலக்கான முதல் நாளைத் தினசரிக் காலண்டரில் வட்டமிட்டு வையுங்கள். 21 நாளிலிருந்து 35 நாளுக்குள் ஒழுங்காக வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் முட்டை வந்துகொண்டுதான் இருக்கும். 45 நாள், 60 நாள், மூன்று மாதம் என்று தள்ளிப் போகிறவர்கள்தான் கவனிக்க வேண்டும்.

முட்டை 14-ஆம் நாள் வரும் என்று எல்லோரும் சொல்கிறோம். 28 நாள் கணக்கு உள்ளவர்களுக்குத்தான் அது பொருந்தும். அடுத்த விலக்குக்குச் சுமார் 14 நாள் முன்னால் என்பதே சரியான கணக்கு. 35 நாளுக்கு ஒருமுறை விலக்காகும் பெண்ணுக்கு 21-ஆம் நாளை ஒட்டி வரும்.

வெளியே வந்த முட்டைக்கு ஒரு நாள்தான் ஆயுசு. ஆணின் விந்தணுவோ ஐந்து நாள் வரை உயிரோடு இருக்கும். அதனால் அந்த வாரத்தில் தம்பதிகள் ஒருநாள் விட்டு ஒருநாள் சேர்ந்திருந்தால் போதும். நாள், நேரம் குறித்துக்கொண்டு பரீட்சைக்குப் போகிற மாதிரி பதற வேண்டாம்.

இன்னொரு விஷயம். நாள் தள்ளிப்போனவர்களுக்கு விலக்கு வரவழைக்க மாத்திரை கொடுப்பார்கள். மாத்திரை நிறுத்திய சில நாளில் விலக்கு வரும். "வந்துவிட்டதே, சரியாகிவிட்டது" என்று பலர் நினைக்கிறார்கள். அது மாத்திரையால் வந்த விலக்கு. முட்டை வந்ததற்குச் சாட்சி அல்ல.

எவ்வளவு நாள் காத்திருக்கலாம்? 35 வயதுக்குக் கீழே என்றால் ஒரு வருஷம், அதற்கு மேல் என்றால் ஆறு மாதம். ஆனால் விலக்கே ஒழுங்காக இல்லாதவர்கள் அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. உடனே போகலாம்.

நாலு இடம், நாலு காரணம்

குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் என்ன செய்வோம்? கரண்ட் இருக்கிறதா, யாராவது சுவிட்சை அணைத்துவிட்டார்களா, மிதவை சரியா, கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா என்று வரிசையாகப் பார்ப்போம். டாக்டரும் அப்படித்தான் பார்க்கிறார். விலக்கான இரண்டு, மூன்றாம் நாளில் எஃப்.எஸ்.ஹெச்., எல்.ஹெச். ஹார்மோன்களுக்கு ரத்தப் பரிசோதனை. அதோடு தைராய்டு, புரோலாக்டின், சர்க்கரை. பிறகு ஒரு ஸ்கேன். பெரும்பாலும் இவ்வளவிலேயே காரணம் தெரிந்துவிடும்.

*ஒன்று, கரண்டே இல்லை.* உடம்பு மிகவும் இளைத்தவர்கள், அரைவயிறு சாப்பிட்டு அளவுக்கு மீறி உடற்பயிற்சி செய்கிறவர்கள், பெரிய மனக்கவலையில் இருப்பவர்கள். இவர்களுக்கு மூளை உத்தரவு அனுப்புவதையே நிறுத்திவிடும். இங்கே முதல் வைத்தியம் சாப்பாடுதான். வேளாவேளைக்கு வயிறாரச் சாப்பிட்டு எடை கூடினாலே பலருக்கு விலக்கு தானாகத் திரும்பிவிடும். முட்டை வளர்க்கும் மாத்திரை இவர்களுக்கு அவ்வளவாகப் பலிக்காது. கரண்ட் இல்லாதபோது மிதவையைத் தட்டி என்ன பயன்? எடை சரியாகியும் வராவிட்டால் ஹார்மோன் ஊசி உண்டு.

*இரண்டு, வேறு யாரோ சுவிட்சை அணைத்திருக்கிறார்கள்.* தைராய்டு குறைந்தால் விலக்கு தாறுமாறாகும். அதற்கான மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில் ஒழுங்காகச் சாப்பிட்டால் சரியாகும். புரோலாக்டின் என்பது பால் சுரக்கவைக்கும் ஹார்மோன். குழந்தை பெறாத பெண்ணுக்கு அது ஏறினால், குழந்தைக்குப் பால் கொடுக்கிற தாய்க்கு நடப்பது போல முட்டை நின்றுவிடும். மார்பில் பால் கசியலாம். தலைவலி, கண் மங்கல் இருந்தால் சொல்லத் தவறாதீர்கள், தலையை ஸ்கேன் எடுத்துப் பார்ப்பார்கள். வாந்திக்கும் மன வியாதிக்கும் கொடுக்கிற சில மாத்திரைகளும் புரோலாக்டினை ஏற்றும். அதனால் நீங்கள் சாப்பிடுகிற மாத்திரை அட்டைகளை எல்லாம் பையில் போட்டுக்கொண்டு போங்கள். இதற்குக் கேபர்கோலின் என்ற மாத்திரை, பெரும்பாலும் வாரத்துக்கு இரண்டு தடவை. பலருக்குச் சில மாதத்திலேயே விலக்கும் முட்டையும் திரும்பிவிடும்.

*மூன்று, மிதவை பாதியில் நிற்கிறது.* முட்டை வராதவர்களில் பெரும்பாலோர் இந்த வகை. நாம் நீர்க்கட்டி என்கிறோமே, அதுதான். 1935-இல் சிகாகோவில் ஸ்டெயின், லெவந்தால் என்ற இரண்டு டாக்டர்கள் இதை விவரித்து எழுதினார்கள். பெயரைக் கேட்டுப் பயப்படாதீர்கள். அது கட்டியே அல்ல. வளரத் தொடங்கிப் பாதியில் நின்றுபோன சின்னச் சின்ன முட்டைப் பைகள், அவ்வளவுதான். அறுத்து எடுக்க அங்கே ஒன்றும் இல்லை. தொட்டி எப்போதும் பாதி நிறைந்தே இருப்பதால் மோட்டார் முழு வேகத்தில் ஓடுவதில்லை. முகத்தில் முடி, முகப்பரு, கழுத்தில் கருப்பு, எடை ஏறுதல் கூட வரலாம். ஒல்லியாக இருப்பவர்களுக்கும் இது வருவதுண்டு.

*நான்கு, கிணறு வற்றிவிட்டது.* நாற்பது வயதுக்கு முன்பே முட்டைகள் தீர்ந்துபோவது. மோட்டார் ஓடி ஓடிப் பார்க்கும், அதனால் எஃப்.எஸ்.ஹெச். மிக அதிகமாகக் காட்டும். ஒரு பரிசோதனையோடு முடிவு கட்டாமல் சில வாரம் கழித்து மறுபடி பார்ப்பார்கள். இதில் மட்டும் முட்டையை வளர்க்கும் மாத்திரை, ஊசியால் பெரிய பயன் இல்லை. எப்போதாவது தானாக ஒரு முட்டை வருவதுண்டு, ஆனால் அதை நம்பி வருஷங்களைக் கழிக்க முடியாது. இன்னொரு பெண் கொடுக்கும் முட்டையைக் கொண்டு கருத்தரிக்கலாம். 2021-இல் வந்த சட்டப்படி கொடுக்கும் பெண்ணுக்கு வயது 23-லிருந்து 35-க்குள் இருக்க வேண்டும், வாழ்நாளில் ஒரே தடவைதான் கொடுக்கலாம். இல்லையென்றால் முறைப்படி ஒரு குழந்தையைத் தத்தெடுத்துக்கொள்ளலாம். இந்தச் செய்தியைக் கேட்கும் சகோதரிக்கு முதலில் வேண்டியது அழுது தீர்க்க ஒரு தோள்.

ஐந்து நாள் மாத்திரை

என் அக்கா மகளுக்கு மூன்றாவது வகை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் விலக்கு. எடை 70 கிலோ. "நூற்றுக்கு ஐந்து பங்கு குறைத்தாலே பலருக்கு முட்டை வரத் தொடங்கும். உனக்கு மூன்றரைக் கிலோதான்" என்றார் டாக்டரம்மா. மூன்று வேளைச் சோற்றில் ஒரு வேளையைக் குறைத்து, சுண்டலும் கீரையும் சேர்த்து, தினம் முக்கால் மணி நேரம் நடந்தாள். ஐந்து மாதத்தில் நான்கு கிலோ இறங்கியது. கூடவே தினம் ஒரு ஃபோலிக் அமில மாத்திரை. குழந்தைக்கு முதுகுத்தண்டு, மூளை வளர்ச்சியில் குறை வராமலிருக்க 400 மைக்ரோகிராம், கரு தங்குவதற்கு முன்பிருந்தே சாப்பிட வேண்டும்.

பிறகு லெட்ரோசோல் மாத்திரை எழுதிக் கொடுத்தார். விலக்கான மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாள் வரை, ஐந்து நாள் மட்டும், தினம் 2.5 மில்லிகிராம்.

வீட்டுக்கு வந்து மாத்திரைச் சீட்டைப் படித்தவள் அழுதுகொண்டே போன் செய்தாள். "சித்தி, இது மார்புப் புற்றுநோய்க்கான மருந்துன்னு போட்டிருக்கு!" அது உண்மைதான். முதலில் வந்தது அதற்குத்தான். 2011-இல் நம் அரசாங்கம் குழந்தைப்பேறு வைத்தியத்துக்கு இதைத் தடையும் செய்தது. 2017-இல் அந்தத் தடை நீங்கிவிட்டது. இன்று உலகம் முழுவதும் நீர்க்கட்டி உள்ள பெண்களுக்கு முட்டை வர முதலில் எழுதுகிற மாத்திரை இதுதான். 2014-இல் வெளியான அமெரிக்க ஆராய்ச்சி ஒன்றில் 750 பெண்களைச் சேர்த்துப் பார்த்தார்கள். பழைய மாத்திரையான குளோமிஃபீன் சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 19 பேருக்குக் குழந்தை பிறந்தது. லெட்ரோசோல் சாப்பிட்டவர்களில் 27, 28 பேருக்குப் பிறந்தது. மருந்து சில நாளில் உடம்பை விட்டு நீங்கிவிடுகிறது. கரு தங்கும் நேரத்தில் அநேகமாக மிச்சமே இருக்காது.

இது வேலை செய்யும் விதம் வேடிக்கையானது. ஐந்து நாளைக்குத் தொட்டித் தண்ணீரைக் குறைத்துவிடுகிறது. மிதவை கீழே இறங்க, மோட்டார் வேகமெடுத்து ஓடும், முட்டை வளரும். குளோமிஃபீனோ தண்ணீரைக் குறைக்காது. மிதவையை மட்டும் ஏமாற்றும். இரண்டிலும் கொஞ்சம் அசதி, தலைவலி, உடம்பில் திடீர்ச் சூடு வரலாம். குளோமிஃபீனில் கண் பார்வை கலங்கினால் உடனே நிறுத்திவிட்டு டாக்டரிடம் போக வேண்டும்.

மாத்திரை முடிந்து நாலைந்து நாளில் ஸ்கேன். முட்டைப் பை தினம் 2 மில்லிமீட்டர் அளவில் வளர்ந்து 18, 20 மில்லிமீட்டர் வந்தால் தயார். சிலருக்கு அதை வெடிக்கவைக்க ஊசி போடுவார்கள். அக்கா மகளுக்கு முதல் மாதம் ஒன்றும் வளரவில்லை. அடுத்த மாதம் 5 மில்லிகிராம். வளர்ந்தது, வெடித்தது. தேவைப்பட்டால் 7.5 வரை போவார்கள். முட்டை வந்தும் கரு தங்காவிட்டால் சுமார் ஆறு மாதம் வரை பார்த்துவிட்டு அடுத்த படிக்குப் போக வேண்டும்.

கவனமாகக் கேளுங்கள். விலக்கு வரவில்லை என்றால் கரு தங்கியிருக்கிறதா என்று சோதிக்காமல் இந்த மாத்திரைகளைத் தொடவே கூடாது. பக்கத்து வீட்டு அக்காவுக்குப் பலித்தது என்று மருந்துக் கடையில் நாமே கேட்டு வாங்கவும் கூடாது.

சர்க்கரை வியாதிக்குக் கொடுக்கிற மெட்ஃபார்மினும் சிலருக்கு எழுதுவார்கள். அது துணைக்கு நல்லது. தனியாக அவ்வளவு பலம் இல்லை. 2007-இல் வெளியான ஆராய்ச்சியில் அதை மட்டும் சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு ஏழு பேருக்குத்தான் குழந்தை பிறந்தது. குளோமிஃபீன் சாப்பிட்டவர்களில் 22 பேருக்குப் பிறந்தது.

மலைவேம்புச் சாறு, கழற்சிக்காய்ப் பொடி பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். எதைச் சாப்பிட்டாலும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். மாத்திரையோடு நாமாகச் சேர்த்தால் எது பலித்தது, எது ஒத்துக்கொள்ளவில்லை என்று யாராலும் சொல்ல முடியாது.

மாத்திரைக்கு மசியாவிட்டால்

அடுத்தது ஹார்மோன் ஊசி. எஃப்.எஸ்.ஹெச்.ஐயே வெளியிலிருந்து கொடுப்பது. முன்பெல்லாம் இதை எதிலிருந்து எடுத்தார்கள் தெரியுமா? விலக்கு நின்ற வயதான பெண்களின் சிறுநீரிலிருந்து! இத்தாலியில் கன்னியர் மடங்களில் வசித்த வயதான கன்னியாஸ்திரீகள் இதற்காகக் கொடுத்து உதவினார்கள். தனக்குப் பிள்ளை வேண்டாம் என்று போனவர்களால் எத்தனை தொட்டில்கள் ஆடின, பாருங்கள்!

ஊசியில் செலவும் அதிகம், கவனமும் அதிகம் வேண்டும். குறைந்த அளவில் தொடங்கி, அடிக்கடி ஸ்கேன் பார்த்து, மெதுவாக ஏற்ற வேண்டும். மூன்று நான்கு முட்டை சேர்ந்து வளர்ந்துவிட்டால் அந்த மாதத்தை விட்டுவிடச் சொல்வார்கள். வருத்தமாகத்தான் இருக்கும், ஆனால் கேளுங்கள். வயிற்றில் மூன்று குழந்தை என்றால் தாய்க்கும் ஆபத்து, பிள்ளைகளுக்கும் ஆபத்து. ஊசிக்குப் பிறகு வயிறு உப்பி, வாந்தி வந்து, சிறுநீர் குறைந்து, மூச்சு வாங்கினால் விடியட்டும் என்று காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

வயிற்றில் சிறு துளையிட்டு, சினைப்பையில் நாலைந்து இடத்தில் சுடும் சிகிச்சையும் உண்டு. மாத்திரைக்கு மசியாத சிலருக்கு மட்டும்தான் அது. அதிகமாகச் சுட்டால் இருக்கிற முட்டையும் குறையும். இதெல்லாம் பலிக்காதபோது, அல்லது கருக்குழாய் அடைப்பு போல வேறு குறையும் இருக்கும்போது கடைசிப் படி டெஸ்ட் ட்யூப் முறை.

அந்தக் கடைசிப் படியைச் சிலர் முதல் படியாக்கிவிடுகிறார்கள். அக்கா மகளை முதலில் அழைத்துப்போன ஒரு இடத்தில் கணவருக்குப் பரிசோதனைகூட எழுதவில்லை. அன்றைக்கே லட்சக்கணக்கில் கட்டச் சொன்னார்கள். அவள் தாலிக்கொடியைத் தவிர மற்ற நகைகளை அடகு வைக்கத் தயாராகிவிட்டாள். அவளுக்கு வேண்டியிருந்ததோ நடையும், ஐந்து நாள் மாத்திரையும்! 2021 சட்டப்படி டெஸ்ட் ட்யூப் செய்யும் இடங்கள் அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும். அந்தச் சான்றிதழைக் கேட்டுப் பார்க்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

அவரும் வரணும்

"எனக்கென்ன குறை? எங்க வம்சத்துல அப்படி ஒண்ணும் இல்லை" என்று அக்கா மாப்பிள்ளை ஒரு வருஷம் பரிசோதனைக்கே வரவில்லை. மாமியாரோ, "இன்னும் ஆறு மாசம் பார்ப்போம்" என்று ஜாடையாகப் பேசத் தொடங்கினார். ஆறு மாசத்துக்குப் பிறகு என்ன என்று அந்தப் பெண் கேட்கவில்லை. கேட்காமலே அவளுக்குத் தெரிந்திருந்தது.

டாக்டரம்மா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். "உங்க ரிப்போர்ட் வராம உங்க மனைவிக்கு நான் மாத்திரை எழுத மாட்டேன் தம்பி." மறுவாரமே கொடுத்தார். நல்லவேளை, குறை ஒன்றும் இல்லை. இருந்திருந்தால்? அவள் சாப்பிடும் மாத்திரை அத்தனையும் வீண். விந்துப் பரிசோதனை வலியில்லாதது, செலவும் குறைவு. இரண்டு முதல் ஐந்து நாள் விலகியிருந்து கொடுத்தால் போதும். முட்டை வரவில்லை என்று தெரிந்த பிறகும் கணவருக்கு அதைப் பார்த்தே ஆக வேண்டும். கணவர் வெளியூரிலோ வளைகுடாவிலோ இருந்தால், அவர் ஊரில் இருக்கும் மாதமாகப் பார்த்து வைத்தியத்தைத் தொடங்குங்கள்.

திருக்கருகாவூர் அம்மனிடம் நெய் வாங்கிச் சாப்பிட்டோம் என்கிறீர்களா? சந்தோஷமாகச் சாப்பிடுங்கள். மனசுக்குத் தைரியம் வேண்டும். கோயிலுக்குப் போகிற அதே மாதத்தில் பரிசோதனைக்கும் போய்விடுங்கள்.

நோட்டில் குறித்துக்கொண்டு கேளுங்கள்

1. எனக்கு முட்டை வராததற்குக் காரணம் என்ன? நாலு வகையில் எது?
2. என் கணவரின் பரிசோதனை எப்படி இருக்கிறது?
3. கருக்குழாய் திறந்திருக்கிறதா என்று எப்போது பார்க்க வேண்டும்? (நம் நாட்டில் காசநோய்கூடச் சத்தமில்லாமல் குழாயை அடைத்துவிடும்.)
4. ரூபெல்லா தடுப்பூசி எனக்கு வேண்டுமா? (போட்டால் ஒரு மாதம் கழித்துத்தான் கருத்தரிக்க வேண்டும்.)
5. இந்த மருந்தை எத்தனை மாதம் பார்க்கலாம்? பலிக்காவிட்டால் அடுத்தது என்ன?

ஐந்தாவது கேள்விதான் முக்கியம். கணக்கில்லாமல் ஒரே மாத்திரையை இரண்டு வருஷம் சாப்பிடுவதும் தவறு. ஒரு மாதம் பலிக்கவில்லை என்று டாக்டரை மாற்றிக்கொண்டே போவதும் தவறு.

குழந்தை இப்போது வேண்டாம் என்கிறவர்களும், கல்யாணமாகாத பெண்களும்கூட மூன்று மாதத்துக்கு மேல் விலக்கு வராவிட்டால் சும்மா இருக்கக் கூடாது. முட்டை வராமல் கருப்பையின் உள்சுவர் தடித்துக்கொண்டே போனால் பிற்காலத்தில் புற்றுநோய் வரையில் கொண்டுவிடலாம். பெண்ணைப் பெற்றவர்கள் இதைக் கவனத்தில் வையுங்கள்.

அக்கா மகளுக்கு இது ஐந்தாவது மாதம். முட்டை மாதாமாதம் வருகிறது. கரு இன்னும் தங்கவில்லை. ஆனால் இப்போது ஸ்கேனுக்கு மாப்பிள்ளையே ஷிப்டை மாற்றிக்கொண்டு கூட வருகிறார். என் துணை அவ்வளவாகத் தேவைப்படவில்லை. மாமியாரின் "ஆறு மாசம்" என்ற பேச்சும் நின்றுவிட்டது. ஆறாவது மாதமும் தங்காவிட்டால் அடுத்தது என்ன என்று அவள் நோட்டிலேயே எழுதி வைத்திருக்கிறாள்.

கடைசியாக மாமியார்களுக்கும் நாத்தனார்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த வளைகாப்புக்கு அந்தப் பெண்ணையும் கூப்பிடுங்கள். அவள் கைக்கும் வளையல் அடுக்குங்கள்.

வரட்டுமா? அடுத்த இதழில் பார்ப்போம்.